டிரான்ஸ்போஸை ஜீரோவுக்குக் கொண்டுவந்தாச்சா?

மெல்லிசைக் குழு தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, நல்ல பாடகர் எங்கே கிடைப்பார் என்று. நான் திருப்பிக் கேட்பது, எந்தப் பாட்டை யார் எந்த ஸ்ருதியில் பாடுகிறார் என்று எழுதி நோட்டுப் போட்டிருக்கிறீர்களா என்று.

ஒரு கோயில் திருவிழாக் கச்சேரி. பாடகிக்குச் சளி, அதனால் அவருடைய பாட்டை மட்டும் ஸ்ருதியில் ஒரு கட்டை இறக்கி, கீபோர்டில் டிரான்ஸ்போஸை, அதாவது வாசிக்கும் விரல் மாறாமல் ஸ்ருதியை மட்டும் ஏற்றி இறக்கும் பட்டனை, மைனஸ் டூவில் வைத்து வாசித்தோம். நல்ல கைதட்டல், அந்தச் சந்தோஷத்தில் கீபோர்டுக்காரர் பட்டனை ஜீரோவுக்குத் திருப்ப மறந்துவிட்டார். அடுத்த பாட்டுக்குப் பேஸ் கிட்டார் ஒரிஜினல் ஸ்கேலில் (ஸ்ருதியில்) ஆரம்பிக்க, கீபோர்டு ஒரு கட்டை கீழே கிடக்க, நடுவில் மாட்டிக்கொண்ட பாடகர் என்னைத் திரும்பிப் பார்த்தார் பாருங்கள்! கூட்டத்துக்குக் காரணம் தெரியாது, பாடகருக்கு ஸ்ருதி நிற்கவில்லை என்றுதான் பேசுவார்கள்.

அன்றிலிருந்து பாட்டு, பாடுகிறவர், ஸ்கேல், டிரான்ஸ்போஸ், தொடக்கம் யார் கொடுப்பது என எல்லாம் ஒரே தாளில் இருக்கும், எல்லார் போனிலும் அதன் படம் இருக்கும். பாட்டு முடிந்ததும் ரிதம் பேட் என்ற மின்னணுத் தாளக் கருவி வாசிப்பவர், கீபோர்டுக்காரருக்கு நினைவூட்ட "ஜீரோ" என்று குரல் கொடுப்பார். முகூர்த்த நாளில் நம் டிரம்மர் வேறு குழுவுக்குப் போய்விடுவார், அது அவர் பிழைப்பு, கோபித்துப் பயனில்லை. மாற்று ஆள் வந்து இறங்கியதும் இந்தத் தாளைக் கையில் கொடுத்துவிடலாம்.

அப்புறம் காசு. யாருக்கு எவ்வளவு என்பது வேன் ஏறும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். மேடைக்கு வந்து பாடகர் சட்டையில் குத்திவிட்டுப் போகிறார்களே ரூபாய் நோட்டு, அது யாருக்கு? எங்களிடம் பொதுப்பணம், சில குழுக்களில் பாடகருக்கே. எதுவானாலும் சரி, பேசி வையுங்கள், இந்த நூறு ரூபாய்க்காகவே பிரிந்த குழுக்களைப் பார்த்திருக்கிறேன்.

விழாக் கமிட்டியிடம் முடிவு நேரத்தையும் எழுதி வாங்குங்கள். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. விழாக்களுக்கு நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம், அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது, ஆகவே அதை நம்பி இறங்க முடியாது. ஏழு மணிக் கச்சேரியை வாழ்த்துரைகள் எட்டரைக்குத் தள்ளிவிட்டு, "மூணு மணி நேரம்னு பேசினோமே, பாக்கியில கழிச்சுக்கறோம்" என்பார்கள். எப்போது தொடங்கினாலும் பத்துக்கு முடியும், தொகை குறையாது என்று ஒரு வரி சேர்க்கிறேன். அதற்கு முகம் சுளிக்கிற கமிட்டியிடம் மேடை ஏறும் முன்பே முழுப் பணத்தையும் வாங்கிவிடுவேன்.