ஏறுவது இருக்கட்டும், இறங்க உங்கள் கார் தயாரா?

டிசம்பர் லீவு நெருங்கினால் ஹட்டனில் இருக்கும் எங்கள் கராஜுக்கு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு என்று எல்லாப் பக்கமிருந்தும் போன் வரும். கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, இந்தச் சின்னக் கார் நுவரெலியாவுக்கு ஏறுமா?" ஏறும். 660 சிசி வேகன் ஆர் கூட நாலு பேரோடு மெல்ல மெல்ல ஏறிவிடும். ஏறாவிட்டால் வழியில் நிற்கும், அவ்வளவுதான். இறங்கும்போது நிற்காவிட்டால்தான் வில்லங்கம். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கண்டி 500 மீற்றர் அளவில். றம்பொடை வழியாக அவ்வளவு உயரத்தையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடெல்லாம் டிஸ்க்கிலும் (சில்லோடு சுழலும் தட்டு) பேடிலும் (அதை இறுக்கிப் பிடிக்கும் கட்டை) சேர்ந்து, அங்கிருந்து பிரேக் ஒயிலுக்குப் போகும். இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். 'டொட் 3' என்ற தரத்துப் புதிய ஒயில் 205 பாகை செல்சியஸ் வரை தாங்கும். ஈரம் ஏறிய பழையது 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகி, பெடல் பஞ்சு போல அமுங்கித் தரையைத் தொடும். யாழ்ப்பாணத்துத் தட்டை வீதியில் வருடக்கணக்காக ஓடினாலும் இதன் சாயம் வெளுக்காது, மலையில் ஒரே நாளில் வெளுத்துவிடும். இரண்டு வருடமாக மாற்றவில்லை என்றால் மாற்றிவிட்டே புறப்படுங்கள். பேட் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் அதையும் சேர்த்து.

எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பார்கள் பழைய லொறிச் சாரதிகள். எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். ஓட்டோ கியர் என்றால் 'எல்' (L) அல்லது 'எஸ்' (S), அக்குவா, பிரியஸ் போன்ற, பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட் என்றால் 'பி' (B). வாகனம் வாங்கிய நாளிலிருந்து அந்த எழுத்தைத் தொடாதவர்கள் பலர். ஹைபிரிட்டில் நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிட்டால், காலை எடுத்த நிலையிலும் எஞ்சின் உறுமும். பயப்பட வேண்டாம், மேற்கொண்டு சார்ஜ் ஏற்ற முடியாததால் எஞ்சின்தான் வாகனத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பின்சீற்றின் ஓரத்தில் சின்னச் சல்லடை ஒன்று இருக்கும், பற்றரிக்குக் காற்றுப் போகும் வழி. அதைப் பொதியால் மூடிவிடாதீர்கள். அங்குள்ள தூசியையும் எடுக்கச் சொல்லுங்கள்.

பெற்றோல் மிச்சம் பிடிக்கலாம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இப்போதைய இன்ஜெக்‌ஷன் எஞ்சினில், கியரில் இருந்தபடி காலை எடுத்தால் பெற்றோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் செலவு. ஆபத்தும் சும்மா கூட வரும்.

கருகல் நாற்றம் வந்தால், சில்லிலிருந்து புகை வந்தால், ஓரங்கட்டி பார்க்கிங் (P) கியரிலோ முதலாம் கியரிலோ விட்டு, சில்லுக்குக் கல் வைத்து அரை மணி நேரம் நில்லுங்கள். கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள்! நீர்வீழ்ச்சிப் பக்கம் போத்தலோடு ஓடி வருபவர்களைப் பார்க்கவே பயமாக இருக்கும். டிஸ்க் கோணிவிடும், வெடித்தாலும் வெடிக்கும்.

டயர் விஷயத்துக்கு வருவோம். 2020 முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததால் வீதியில் ஓடுவதில் முக்காலும் பழசு. டயரில் பூ (மேலுள்ள வெட்டுக்கள்) தேயாமல் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. அந்த வயது ரப்பர் ஈர வீதியில் பிடிக்காது. காற்றை ஊரிலேயே, டயர் ஆறியிருக்கும்போது, கதவில் எழுதியிருக்கும் அளவுக்கு அடியுங்கள். மேலே வந்து கூட்டிக் குறைக்கத் தேவையில்லை. குளிர் குறைக்கும் அழுத்தத்தை உயரம் ஏறக்குறைய ஈடுகட்டிவிடும்.

குளிருகிறது என்று ஏசியை நிறுத்துவதுதான் அடுத்த வம்பு. ஐந்து பேரின் மூச்சில் முன்கண்ணாடி நொடியில் பூத்துவிடும். துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டாமல் ஏசியைப் போட்டு, சூட்டைக் கூட்டி, வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். எஞ்சின் சூடாகிறது என்று தேர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூட்டை அளவாக வைத்திருக்கும் வால்வு) கழற்றி எறிந்த கார்களில் ஹீட்டர் ஒழுங்காகச் சுடாது. அப்படிக் கழற்றுவது நம்முடைய கராஜ்களின் கெட்ட பழக்கம், சொல்லத்தான் வேண்டும். வெளியே மூடுபனி என்றால் லைட்டைத் தாழ்த்துங்கள். உயர்த்தினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

போனில் காட்டுகிற குறுக்குவழிகளை நம்பித் தோட்டத்து வீதிகளுக்குள் இறங்காதீர்கள். நானுஓயாவில் இருக்கும் ரதல்ல குறுக்கு வீதியும் பார்க்கச் சுருக்கம்தான், ஆனால் செங்குத்து. 2023 ஜனவரியில் ஏழு பேர் உயிரிழந்த பஸ் விபத்து அங்கேதான் நடந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் பெயர்த்த வீதிகளையும் மனதில் வைத்து, புறப்படும் அன்று காலை 117க்கு அழைத்து மண்சரிவு எச்சரிக்கையைக் கேளுங்கள். அம்புலன்ஸுக்கு 1990. இரண்டையும் போனில் பதிந்துகொள்ளுங்கள், சிக்னல் இருக்கும் இடத்திலேயே.