சான்றிதழ் இருக்கட்டும், சேர்த்த தேதியைச் சொல்லுங்கள்

ஆடிப்பெருக்கு முடிந்த சில நாளில் ஓர் அம்மாள் மஞ்சள் பையோடு என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். பைக்குள் தங்கையின் பட்டச் சான்றிதழ், வேலைக்கான நியமன ஆணை, தெருக்காரர்கள் பதினோரு பேர் கையெழுத்திட்ட கடிதம் எல்லாம் இருந்தன. “என் தங்கச்சிக்கு ஒண்ணுமில்ல சார். புருஷன்காரன் கொண்டுபோய் மனநல ஆஸ்பத்திரில அடைச்சுட்டான். இதையெல்லாம் ஜட்ஜ் பார்த்தா விட்ருவாங்கல்ல?”

என்றைக்குச் சேர்த்தார்கள் என்று கேட்டேன். “பதினெட்டாம் பெருக்குக்கு முந்தின நாள்” என்றார். அந்தப் பைக்குள் இல்லாத அந்தத் தேதிதான் எனக்குத் தேவைப்பட்டது.

இந்த மாதிரி வழக்குகளில் குடும்பத்தார் ‘அவளுக்கு நோயே இல்லை’ என்று நிரூபிக்கத்தான் வருகிறார்கள். கேள்வி அதுவல்ல. மனநோய் இருந்தாலும்கூட ஒருவரை விருப்பமில்லாமல் உள்ளே வைக்கச் சட்டம் தனியாகக் காரணம் கேட்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 89ஆவது பிரிவுப்படி அண்மையில் தன்னைத் தானே காயப்படுத்த முயன்றிருக்க வேண்டும் அல்லது அப்படி மிரட்டியிருக்க வேண்டும். இல்லையேல் பிறரிடம் வன்முறையாக நடந்திருக்க வேண்டும். அதுவுமில்லையேல் தனக்கே ஆபத்து வரும் அளவுக்குத் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் இருக்க வேண்டும். அவரால் சுயமாக முடிவெடுக்க இயலவில்லை என்பதும் சேர வேண்டும். இதை ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியே பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் 30 நாள்தான். அதற்கு மேல் வைக்க 90ஆவது பிரிவின்படி இரண்டு மனநல மருத்துவர்களின் சான்றும் வாரியத்தின் அனுமதியும் தேவை.

வாரியம் என்றது மனநல மறுஆய்வு வாரியத்தை. நாங்கள் ‘ரிவ்யூ போர்டு’ என்போம். மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவரோ ஓய்வுபெற்றவரோ தலைவர். ஆட்சியரின் பிரதிநிதி, மருத்துவர்கள், மனநோய் உள்ளவர்கள் அல்லது பராமரிப்பாளர்கள் தரப்பினர் உறுப்பினர்கள். பழைய 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டு அனுப்புவார். அந்தப் பழக்கத்தில் இன்றும் சில சீனியர்களே மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் போய் நிற்கிறார்கள். இப்போது முதல் கதவு போர்டுதான். பெண்ணையோ சிறாரையோ சேர்த்தால் 3 நாளுக்குள், மற்றவர்களை என்றால் 7 நாளுக்குள் மருத்துவமனை போர்டுக்குத் தெரிவிக்க வேண்டும். சேர்க்கையை எதிர்த்து மனு வந்தால் போர்டு 7 நாளுக்குள் முடிக்க வேண்டும். கட்டணம் கிடையாது. விசாரணை மூடிய அறையில் நடக்கும், வக்கீல் வைத்துக்கொள்ளலாம்.

சரி, மனுவில் யார் கையெழுத்துப் போடுவது? இங்கேதான் அந்த அம்மாள் முகம் வாடியது. உள்ளே இருப்பவர் போடலாம், அவருடைய நியமனப் பிரதிநிதி (சிகிச்சை விஷயத்தில் அவர் சார்பில் நிற்பவர்) போடலாம், அவர் சம்மதத்தோடு பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் போடலாம். அக்காவுக்கு அந்த வரிசையில் இடமில்லை. பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தது கணவர், சேர்த்தவரும் அவரே.

ஆகவே வக்காலத்துப் படிவத்தை எடுத்துக்கொண்டு நானே போனேன். வரவேற்பில் “அட்டெண்டர் அனுமதி இல்லாமல் பார்க்க முடியாது” என்றார்கள். அட்டெண்டர் என்று அவர்கள் சொன்னது கணவரை. வக்கீலோடும் போர்டோடும் தொடர்புகொள்வதைத் தடுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருப்பதைக் காட்டி, ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு விட்டார்கள். அந்தப் பெண் நிதானமாக மனுவைப் படித்து, தேதியில் இருந்த ஒரு தவறைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

போர்டு கேஸ் ஷீட்டை வரவழைத்தது. இரண்டு மருத்துவர்களின் பரிசோதனைக் குறிப்பும் இருந்தன. இரண்டிலும் நேரம் 11.10. ஒரே பேனா, எழுதியதும் ஒரே கை. அடியில் ஒப்பம் மட்டும் வேறு. ‘வயலன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து கூடுதல், அந்தப் பிழையும் இரண்டு தாளிலும் அப்படியே. ‘வயலன்ட்’ என்றால் என்ன செய்தார், யாரிடம், எப்போது என்று ஒரு வரி இல்லை. தலைவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, என்னை வாதாடவே விடவில்லை. மனு கொடுத்த ஆறாம் நாள் அந்தப் பெண் வெளியே வந்தார்.

அவருக்கு மனச்சோர்வு இருந்தது உண்மை. இன்றும் வேறு மருத்துவரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். வழக்கு அதைப் பற்றியதே அல்ல.

போர்டின் முடிவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அடைத்து வைத்தவரைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி நேரே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட முடியாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் முறையான சேர்க்கைத் தாள்கள் இருக்கும் வழக்கில் “போர்டுக்குப் போனீர்களா?” என்பதுதான் நீதிபதிகளின் முதல் கேள்வியாக இருக்கும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாதபோதும், பதிவு இல்லாத இடத்தில் தாள் எதுவும் இல்லாமல் பூட்டி வைத்திருக்கும்போதும் ஆட்கொணர்வு மனுதான் சரியான வழி. போதை மறுவாழ்வு மையம் என்ற பெயரில் இரவில் வேனில் தூக்கிப் போகிறார்களே, அதற்கும் இதே சட்டம்தான்; மது, போதைப்பொருள் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளும் இதன் வரையறைக்குள் வருகின்றன. குடிகாரன்தானே என்று யாரும் கேட்க வருவதில்லை, அவ்வளவுதான். சங்கிலி போடுவதைச் சட்டம் எந்த விதத்திலும் அனுமதிக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் 28 பேர் தீயில் மடிந்தது சங்கிலியோடுதான்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். இலவச சட்ட உதவி இந்தச் சட்டத்திலேயே உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது.

அப்புறம், நியமனப் பிரதிநிதியை முன்கூட்டியே நீங்களே எழுதி வைக்கலாம். ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம். வெள்ளைத்தாளும் கையெழுத்தோ கைநாட்டோ போதும். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அந்தத் தங்கை வெளியே வந்த வாரமே அக்கா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். நகல் ஒன்று என் ஃபைலில் இருக்கிறது.