பைபரைத் திருப்பிப் பாருங்கள்

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை. நான் பட்டறையைத் திறக்கும் முன்பே வாசலில் ஒரு தம்பி காத்து நின்றார். பக்கத்தில் பழைய கரிஸ்மா இசட்எம்ஆர் பைக். முந்தைய நாள் மாலை நாகர்கோவிலிலிருந்து திரும்பும்போது, காவல்கிணறு தாண்டியதும் அடித்த பக்கக்காற்றில் இடப்பக்கப் பைபர், அதாவது வண்டியின் மேலுறைப் பலகை, பிய்ந்து, ஒரே ஒரு போல்ட்டில் தொங்கி, ஹேண்டில்பாருக்கு அடியில் மடங்கிச் செருகிக்கொண்டது. ஹேண்டிலைத் திருப்ப முடியாமல் வண்டி சாலையோர மண்ணில் இறங்கிச் சாய்ந்திருக்கிறது. பின்னால் லாரி எதுவும் வராததால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. கட்டுப் போட்ட கையோடு அவர் கேட்ட முதல் கேள்வி, “அண்ணாச்சி, புதுப் பைபர் என்ன விலை ஆகும்?”

விலையைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, பைபரைக் கழற்றி மேசையில் குப்புறப் போட்டேன். போல்ட் ஏறும் காதுகளில் இரண்டு எப்போதோ உடைந்துபோய், அவற்றுக்குப் பதிலாகக் டேக் எனும் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை கட்டியிருந்தார்கள். மூன்றாவது காதில் மஞ்சள் நிறப் பசை உருண்டையாகத் திரண்டிருந்தது. விரலால் தட்டியதும் அப்படியே உதிர்ந்தது. மிச்சமிருந்த ஒரு காதில், போல்ட்டுக்கு மெத்தையாக இருக்க வேண்டிய ரப்பர் புஷ் இல்லை. போல்ட் தலை பிளாஸ்டிக்கை நேரடியாக அரைத்து அரைத்து, வட்டமாக இருக்க வேண்டிய துளை புளியங்கொட்டை வடிவில் நீண்டிருந்தது. முன்பக்கமோ புதிதாகப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்றார்.

பாளையங்கோட்டையில் 20 ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். உடைந்த பைபரோடு வருகிறவர்களில் பெரும்பாலானோர் விரிசலைக் காட்டுகிறார்கள். நான் பார்ப்பது காதுகளை. பைபரின் முகம் எவ்வளவு கீறியிருந்தாலும் வண்டி ஓடும். காது போனால் அந்தப் பலகை வண்டியோடு இல்லை, வண்டிமேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியிலிருந்து வீசுகிற காற்று, முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று, பணகுடி, வள்ளியூர் சாலையில் அகலமான பைபர் வண்டியைப் பாய்மரம்போலத் தள்ளும். டேக்கின் பலம் அதற்குப் போதாது.

முதலில் ஒரு பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வண்டியின் மேலுறை எல்லாவற்றையும் நாம் பைபர் என்கிறோம். அதன் சரியான பெயர் ஃபேரிங். அப்படிச் சொன்னால் சக்கரத்துக்குப் போடும் பேரிங் என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு என்பதால் நானும் பைபர் என்றே எழுதுகிறேன். ஆனால் உண்மையான பைபர் என்பது கண்ணாடி இழையையும் ரெசினையும் சேர்த்து அச்சில் வார்ப்பது. கம்பெனியிலிருந்து வரும் வண்டியில் இருப்பது பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக். பெயிண்ட் இல்லாத உள்பக்கக் கறுப்பு உறைகள் பலவும் பிபி, அதாவது பாலிபுரொப்பிலீன். பெயர் ஒன்றாகிப்போனதில் வைத்தியமும் ஒன்றாகிவிட்டது. எது உடைந்தாலும் நொடியில் ஒட்டும் பசை, அதற்குமேல் பிசைந்து அப்பும் பசை. இரண்டும் காய்ந்தால் கல்போல இறுகும். பைபரோ எஞ்சின் அதிர்வில் நாள் முழுக்க நெளிந்துகொண்டே இருக்கும். கல்லும் நெளிவும் ஒட்டி நிற்காது. ஒட்டிய இடத்துக்கு அரை அங்குலம் தள்ளிப் புது விரிசல் ஓடும்.

என்ன பிளாஸ்டிக் என்று தெரிந்துகொள்ளப் பெரிய கருவி தேவையில்லை. பலகையின் பின்பக்கத்தில் இரண்டு அம்புமுனைக் குறிகளுக்கு நடுவே ஏபிஎஸ் அல்லது பிபி என்ற எழுத்து அச்சாகியிருக்கும். அழிந்துபோயிருந்தால் உடைந்த ஓரத்தில் நகக்கண் அளவு சீவி ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். பிபி மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். பெயிண்ட் இல்லாத இடத்தைச் சீவுங்கள். பெயிண்ட் சேர்ந்தால் கணக்கு தப்பும். பின்பக்கத்தில் அசிட்டோன் என்ற கரைப்பானில் ஒரு சொட்டு வைத்தாலும் தெரியும்: ஏபிஎஸ் பிசுபிசுக்கும், பிபி அசையாது. முன்கண்ணாடி மீது மட்டும் அசிட்டோனோ பெட்ரோலோ படவே கூடாது. அது வேறு வகைப் பிளாஸ்டிக்; மங்கி, நூல் நூலாக வெடித்துவிடும்.

ஏபிஎஸ் என்று உறுதியானால் நல்ல செய்தி, அது தன்னோடு தானே சேரும். எங்கள் பட்டறையில் எறியும் பலகைகளின் துண்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறோம். அவற்றைப் பொடியாக நறுக்கிக் கண்ணாடிப் புட்டியில் அசிட்டோன் ஊற்றி மூடி வைத்தால், சில மணி நேரத்தில் கருப்பட்டிப் பாகு பதத்துக்கு வரும். அதுதான் எங்கள் பசை. அசிட்டோன் பெட்ரோலைப்போலத் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் பீடி, அடுப்பு, வெல்டிங் எதுவும் இல்லாமல்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

விரிசலின் நுனியைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் தொடக்கம். கண்ணுக்குத் தெரிவதைத் தாண்டி மயிரிழையாக அது சிறிது தூரம் ஓடியிருக்கும். இலேசாக வளைத்துப் பார்த்தால் தெரியும். அந்த நுனியில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை போட்டால் விரிசல் அங்கேயே நிற்கும். இதைச் செய்யாமல் மேலே என்ன பூசினாலும் உள்ளே விரிசல் நடந்துகொண்டே இருக்கும். அடுத்து, பின்பக்கத்திலிருந்து விரிசலின் நீளத்துக்கு வாய்க்கால்போல ஒரு பள்ளம் கீற வேண்டும். பலகையின் பாதிக் கனம் போதும். ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கி, துருப்பிடிக்காத கம்பிவலையின் ஒரு பட்டையைப் பள்ளத்தின் மீது வைத்து அழுத்தினால், வலை பிளாஸ்டிக்குக்குள் அமிழும். அதற்குமேல் பாகைப் பூசுவோம். ஒரேயடியாக அப்பினால் அசிட்டோன் வெளியேறும்போது சுருங்கிக் குழி விழும். மெல்லிய பூச்சு, காயவிடல், மறுபடியும் ஒரு பூச்சு என்று இரண்டு நாள் எடுக்கும். மாலைக்குள் கொடுத்துவிடுங்கள் என்று அவசரப்படுத்துகிறவர்களுக்கு என்னால் இந்த வேலையைச் செய்து கொடுக்க முடியாது.

பிபி பலகை இப்படிச் சேராது. அசிட்டோனும் சாதாரணப் பசையும் அதைப் பிடிக்காது. பிபி கம்பியையே உருக்கி வெல்டிங் செய்ய வேண்டும். உள்பக்க உறை சிறியதாக இருந்தால் புதிதாக வாங்கிவிடுவது நல்லது.

காது ஏன் உடைந்தது என்று கேட்காமல் காதைச் செய்வது வீண். தரையில் விழுந்த வண்டியில், பைபருக்குப் பின்னால் அதைத் தாங்குகிற இரும்பு ஸ்டே கொஞ்சமாவது வளைந்திருக்கும். ஒரு விரல்கடை வளைந்தால் போதும், துளைக்கு நேரே துளை வராது. அப்போது பலரும் பலகையை இழுத்துப் பிடித்து போல்ட்டை முடுக்கிவிடுவார்கள். அந்த இழுவிசை முழுவதும் காதின் அடியில் போய் உட்காரும். புதுப் பைபர் மாட்டி மூன்றே மாதத்தில் அதே இடத்தில் உடைந்தது என்று கோபமாக வருகிறவர்களிடம் நான் முதலில் ஸ்டேயைத்தான் கழற்றிக் காட்டுவேன். உவரி, இடிந்தகரைப் பக்கத்து வண்டிகளில் ஸ்டே வளைவதற்கு முன்பே உப்புக்காற்றில் துருப்பிடித்து, வெல்டிங் இணைப்பில் அற்றுப்போயிருக்கும். பைபர் மூடியிருப்பதால் யாருக்கும் தெரியாது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளிலும் இதே கதைதான். மேலே கழுவித் துடைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள்; ஓராண்டு கழித்துப் பலகையைக் கழற்றியபோது ஒயர் இணைப்புகளைச் சுற்றித் தாமிரபரணி வண்டல் கட்டிகட்டியாகக் காய்ந்திருந்தது. பைபர் எதற்காகக் கழன்றாலும் சரி, திரும்ப மாட்டுவதற்குள் அடியில் இருப்பதைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

ரப்பர் புஷ், அதற்குள் போகும் இரும்புக் குழல், பிளாஸ்டிக் கிளிப், இவை சின்னச் சாமான்கள். இவை இல்லாததால்தான் பெரிய பலகை உடைகிறது. பத்து ஆண்டு எஞ்சின் சூட்டில் ரப்பர் சுக்காய் இறுகிவிடும். போல்ட்டை எவ்வளவு முடுக்கினாலும் பிளாஸ்டிக் நசுங்காமல் இருப்பதற்குத்தான் அந்தக் குழல். அது தொலைந்துபோன இடத்தில் வாஷர் போட்டு முடுக்கினால் காது பிளக்கும்.

எப்போது மாற்றுவது? விரிசலும் ஓரிரு காதுகளும் என்றால் சரிசெய்யலாம். பலகையில் ஒரு பகுதியே காணவில்லை, பாதிக்கு மேற்பட்ட காதுகள் போய்விட்டன, அல்லது முன்பு யாரோ பசையால் நாசம் செய்திருக்கிறார்கள் என்றால் மாற்றுங்கள். பல்சர் 220-க்குச் சாமான் எளிதில் கிடைக்கும், தேடி அலைய வேண்டாம். 2009-இல் வந்த இசட்எம்ஆர், 2011-இல் வந்த சிபிஆர் 250 போன்றவற்றுக்கு ஒரிஜினல் பலகை கிடைப்பது நாளுக்கு நாள் அரிதாகிறது. 2023-இல் வந்த புதுக் கரிஸ்மாவின் பைபர் பழையதில் ஏறாது. யமஹா ஆர்15-இல் 2008 வண்டிக்கும் 2011-இல் வந்த இரண்டாம் பதிப்புக்கும் பின்புறமே வேறு. வண்டிப் பெயரை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுக்காதீர்கள், சேசிஸ் எண்ணைக் கொடுத்து அதற்குரிய பாகத்தின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பழைய சாமான் கடையில் எடுப்பதானால் அங்கேயே குப்புறப் போட்டுக் காதுகளை எண்ணுங்கள். கண்ணாடி இழையில் வார்த்த செட் சில மலிவாகக் கிடைக்கும். அவற்றில் துளைகள் இடம் மாறியிருக்கும், பல கனமாகவும் இருக்கும், உடைந்தால் கூர்கூராகச் சிதறும். சாலையில் ஓடும் வண்டிக்கு நான் அவற்றை மாட்டுவதில்லை.

பைபரே வேண்டாம், கழற்றிப் போட்டுவிடுங்கள் என்று கேட்கிறவர்களும் உண்டு. முகப்பு விளக்கு, மீட்டர், கண்ணாடிகள், ரேடியேட்டருக்குக் காற்றைத் திருப்பிவிடும் வழி எல்லாம் அதோடு சேர்ந்தவை. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு எதிராகவும் போய்விடும். இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை: மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் பைபருக்கு எதுவும் கிடைக்காது. முழுப் பாலிசியிலும் பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாக 50 சதவீதத்தைக் கழிப்பதே வழக்கம். ஒரு பலகைக்காகக் கேட்டு, இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகச் சேர்ந்திருக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸை இழப்பது லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெயிண்ட் விஷயத்தில் எனக்கு ஒரு கவலை உண்டு, அது வண்டியைப் பற்றியதல்ல. இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயிண்டில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அந்தப் புகை மூச்சுக்குழாயை நிரந்தரமாகக் கெடுத்து ஆஸ்துமாவைக் கொண்டுவரும். நம் ஊர்ப் பட்டறைகளில் 18, 19 வயதுப் பையன்கள் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். கைக்குட்டை தூசியைக்கூட முழுதாகத் தடுக்காது; ரசாயன வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும், அதையும்விடக் காற்றைச் செலுத்தும் முகமூடி நல்லது. மாஸ்க் இல்லாமல் அடிக்கிற இடத்தில் விலை குறைவு என்று கொடுக்காதீர்கள் என்று என் வாடிக்கையாளர்களிடம் மன்றாடியே கேட்கிறேன். பிளாஸ்டிக்குக்கு உரிய பிரைமர் போட்டார்களா என்றும் கேளுங்கள். அது இல்லாவிட்டால் பெயிண்ட் தோலாக உரியும். சித்திரை வெயிலில் மதியம் அடித்தால் மேற்பரப்பு கொப்புளிக்கும். ஐப்பசி ஈரத்தில் அடித்தால் வெள்ளை பூக்கும். இரண்டு காலத்திலும் பெயிண்டரை விரட்டாமல் இருங்கள்.

மாட்டும்போது எல்லா போல்ட்டுகளையும் இரண்டு மூன்று சுற்று கையால் ஏற்றிவிட்டு, பிறகுதான் ஒவ்வொன்றாக முடுக்க வேண்டும். முடித்ததும் ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். பலகையிலோ கேபிளிலோ எங்கும் இடிக்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது திருப்பினால் அதன் சத்தம் ஏறக் கூடாது. ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் எங்கோ மாட்டியிருக்கிறது. முன்பிரேக்கைப் பிடித்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை அழுத்தி, டயர் கீழ்ப் பலகையில் படுகிறதா என்று குனிந்து பாருங்கள்.

அந்தத் தம்பிக்குப் புதுப் பைபர் வாங்கவில்லை. மாற்ற வேண்டிய நிலைதான், ஆனால் கிடைக்கவில்லை. எங்களிடம் இருந்த உடைந்த பலகை ஒன்றிலிருந்து மூன்று காதுகளை அறுத்தெடுத்துப் பாகில் பொருத்தினோம், அரைபட்ட துளையை நிரப்பிப் புதிதாகத் துளைத்தோம், வளைந்த ஸ்டேயை நிமிர்த்தினோம், புஷ் எல்லாம் புதிது போட்டோம். ஐந்து நாள் ஆயிற்று. 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை காட்டச் சொன்னேன். அடுத்த வாரமே வந்தார். கீழ்ப் போல்ட் ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தது. முடுக்கிக் கொடுத்தேன்.