சிலேட்டில் இறங்கிய ஆதரவு

2024 அக்டோபரில், பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டை மாட்டினார். நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் கமலா என்றும் மறுபக்கம் ட்ரம்ப் என்றும் எழுதி, நூலில் ஒரு சாக்பீசையும் கட்டித் தொங்கவிட்டார். அமெரிக்க அதிபர் தேர்தலில் அந்தக் கடைக்கு வருகிற ஒருவருக்கும் வாக்கு கிடையாது. ஆனாலும் கமலா ஹாரிசின் தாயார் சென்னையில் பிறந்தவர் என்ற உரிமையில் சிலரும், வீம்புக்கென்றே சிலரும் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். முதல் வாரம் கமலா முந்தினார். இரண்டாம் வாரம் கோடுகள் எதிர்ப்பக்கத்தில் நெருக்கமாக விழுந்தன. "அந்தம்மா இறங்கிட்டாங்கணா" என்று கடைக்காரர் அறிவித்தார்.

முதல் வாரம் சிலேட்டு விடியற்காலையிலிருந்தே தொங்கியது. காசிமேட்டுக்குப் போகிறவர்களும், மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்களும், நடைப்பயிற்சி முடித்துவரும் ஓய்வூதியக்காரர்களும் கோடு போட்டார்கள். காலைக் கூட்டத்தில் அது தொல்லையாக இருக்கிறதென்று, இரண்டாம் வாரம் அவர் அதை மாலை ஐந்து மணிக்கு மேல்தான் மாட்டினார். அப்போது வந்தவர்கள் மெட்ரோவிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகும் அலுவலகப் பிள்ளைகள். காலைக் கூட்டத்தில் நான் விசாரித்தவரை ஒருவர்கூட மனம் மாறியிருக்கவில்லை. இந்தச் சிறிய குழப்பம்தான், அளவில் பெரிதாகி, அமெரிக்கக் கருத்துக்கணிப்பாளர்களை ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாகத் திணறடித்து வந்திருக்கிறது.

முறைசாராக் கணிப்பை அமெரிக்கர்கள் 'ஸ்ட்ரா போல்' என்பார்கள்: ஒரு வைக்கோல் துரும்பை மேலே எறிந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்ப்பதைப் போன்றது என்ற பொருளில். வாடையா கச்சானா என்று வானத்தைப் பார்த்தே சொல்லிவிடும் காசிமேட்டுக்காரர்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. இவ்வகைக் கணிப்பில் பழமையானதாகச் சொல்லப்படுவது 1824-இல் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் எடுக்கப்பட்டு, ஹாரிஸ்பர்க் நகரின் ஒரு செய்தித்தாளில் வெளியானது. ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 335, ஜான் குயின்சி ஆடம்சுக்கு 169. மக்கள் வாக்கில் ஜாக்சனே முந்தினார். அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால், பிரதிநிதிகள் அவை ஆடம்சை அதிபராக்கியது வேறு கதை.

ஆளின் எண்ணிக்கை கூடினால் துல்லியமும் கூடும் என்ற நம்பிக்கை 1936-இல் உடைந்தது. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற வார இதழ் 1916 முதல் 1932 வரை ஐந்து தேர்தல்களிலும் வெற்றியாளரைச் சரியாகச் சொல்லியிருந்தது. அவ்வாண்டு அது தொலைபேசிப் பட்டியல்கள், கார் பதிவேடுகள் போன்றவற்றிலிருந்து முகவரிகளைத் திரட்டி ஏறத்தாழ 1 கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. 24 லட்சத்துக்குச் சற்றுக் குறைவானவை திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, ஆல்ஃப் லாண்டன் 57 விழுக்காடு பெற்று பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை வீழ்த்துவார் என்றது. தேர்தலில் ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 விழுக்காடு பெற்றார். லாண்டனுக்குக் கிடைத்தவை மெய்ன், வெர்மான்ட் என்ற இரு மாநிலங்கள் மட்டுமே. இதழ் 1938-இல் நின்றுபோனது.

தொலைபேசியும் காரும் வைத்திருந்த வசதிக்காரர்களைக் கேட்டதால்தான் இந்தத் தவறு என்று பாடநூல்கள் சொல்கின்றன. அது பாதிக் கதை. 1937-இல் கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம், அட்டை வந்ததா, திருப்பி அனுப்பினீர்களா என்று மக்களைக் கேட்டிருந்தது. பெவரில் ஸ்குவயர் என்ற அரசியல் அறிவியலாளர் 1988-இல் அத்தரவுகளை மீண்டும் ஆராய்ந்தார். அட்டை கிடைத்தவர்களை மொத்தமாக எடுத்தால் அவர்களிலேயே ரூஸ்வெல்ட்தான் முன்னிலை. அட்டையைத் திருப்பி அனுப்பியவர்களிடம்தான் லாண்டன் முந்தினார். ஆட்சியின்மேல் கோபம் கொண்டவர்கள் பேனாவை எடுத்தார்கள். திருப்தியாக இருந்தவர்கள் அட்டையை எங்கோ போட்டுவிட்டார்கள்.

சீரற்ற தேர்வு, அதாவது குலுக்கிப் போட்டு ஆளெடுப்பது, என்பதன் அவசியம் இங்கேதான் புரிகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையை நாம் வாக்கெடுப்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது உண்மையில் குலுக்கல். குடும்பு எனப்பட்ட ஊர்ப் பிரிவுவாரியாகத் தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் நடத்தும் குலுக்கல் சீட்டிலும் அதுவே நடக்கிறது. யார் பெயர் வரும் என்பதை ஒருவரும் தீர்மானிக்க முடியாது என்பதே இரண்டிலும் உயிர். தேநீர்க் கடைச் சிலேட்டிலோ, வருபவரே தம் பெயரைக் குடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்.

குலுக்கலே நடந்திருந்தாலும் சிறு அசைவுகளை நம்ப முடியாது. சரிபாதியாகப் பிரிந்திருக்கும் ஊரில் 100 பேரைக் குலுக்கி எடுத்தால், ஒரு வேட்பாளரின் பங்கு 40-க்கும் 60-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். இரு வாரங்களை ஒப்பிடும்போது இரண்டின் தடுமாற்றமும் சேர்ந்துகொள்வதால், 14 விழுக்காட்டுப் புள்ளி வேறுபாடுகூடத் தற்செயலாக வரக்கூடும். 1000 பேரைக் கேட்டால் பிழை சுமார் 3 புள்ளிகளாகக் குறையும். ஆனால் செய்திகளில் பேசப்படும் 'முன்னிலை' என்பது இருவர் பங்குகளின் வித்தியாசம் என்பதால் அதன் பிழை இரட்டிப்பாகும். இரு கணிப்புகளுக்கிடையே முன்னிலை எவ்வளவு மாறியது என்று கேட்டால் பிழை ஏறத்தாழ 9 புள்ளிகளைத் தொடும். நான்கு புள்ளி ஏற்றத்துக்குத் தலைப்புச் செய்தி போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

இதைவிட நுட்பமான ஏமாற்று ஒன்று உண்டு. ஒரு பகுதியில் முதலாமவருக்கு 1000 ஆதரவாளர்கள், இரண்டாமவருக்கு 1000 ஆதரவாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் இரு தரப்பிலும் நூற்றுக்குப் பத்துப் பேர் பதில் சொல்கிறார்கள்: 100-க்கு 100, சரிசமம். பிறகு தொலைக்காட்சியில் ஒரு விவாதம் நடக்கிறது; முதலாமவர் வெளுத்து வாங்குகிறார். அவருடைய ஆட்கள் உற்சாகத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் வாய் திறக்கிறார்கள். மற்றவருடைய ஆட்கள் சோர்ந்து, நூற்றுக்கு எட்டுப் பேர்தான் பேசுகிறார்கள். இப்போது 120-க்கு 80. கட்சி மாறியவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஆதரவு 50-இலிருந்து 60 விழுக்காட்டுக்குப் 'பாய்ந்துவிட்டது'. வட சென்னையில் கால்பந்துப் பந்தயம் முடிந்த மறுநாள் யார் சத்தமாகப் பேசுகிறார்கள், யார் வேறு தெரு வழியாகப் போகிறார்கள் என்று கவனித்தவர்களுக்கு இது புதிதல்ல.

இது கற்பனைக் கணக்கு மட்டுமல்ல. 2012 அக்டோபர் 3 அன்று டென்வரில் நடந்த முதல் விவாதத்தில் பராக் ஒபாமா சோபிக்கவில்லை. செப்டம்பரில் ஒபாமா 8 புள்ளி முன்னிலையில் இருப்பதாகச் சொன்ன பியூ என்ற கணிப்பு நிறுவனம், விவாதத்துக்குப் பின் அவரை எதிர்த்து நின்ற மிட் ராம்னி 4 புள்ளி முன்னிலை என்றது. அதே சமயம் ஆண்ட்ரூ கெல்மனும் டேவிட் ராத்ஸ்சைல்டும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் மிக விசித்திரமான ஒரு கூட்டத்திடம் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி வைத்திருப்பவர்கள். தேர்தலுக்கு முந்தைய 45 நாள்களில் 3,45,858 பேர் பதிலளித்தார்கள்; அவர்களில் 93 விழுக்காட்டினர் ஆண்கள், 65 விழுக்காட்டினர் 18 முதல் 29 வயதுக்குள். எங்கள் தேநீர்க் கடையைவிடக் கோணலான கூட்டம்.

கோணலை நிமிர்த்தும் வழி எளிமையானதே. ஒரு சிலேட்டில் 80 ஆண்களும் 20 பெண்களும் கோடு போட்டார்கள். ஆண்களில் 48 பேரும் பெண்களில் 6 பேரும் முதலாமவருக்கு என்றால், எண்ணிப் பார்க்கையில் அவருக்கு 54 விழுக்காடு. வாக்காளர்களில் ஆணும் பெண்ணும் பாதிப்பாதி என்று தெரிந்திருந்தால், ஆண்களின் 60 விழுக்காட்டையும் பெண்களின் 30 விழுக்காட்டையும் சமமாகச் சேர்க்க வேண்டும்: 45. வென்றவர் தோற்றுவிடுகிறார். எக்ஸ்பாக்ஸ் ஆய்வாளர்கள் பாலினம், இனம், வயது, கல்வி, மாநிலம், கட்சிச் சார்பு, கொள்கைச் சார்பு, முந்தைய தேர்தலில் போட்ட வாக்கு ஆகியவற்றைக் கொண்டு வாக்காளர்களை 1,76,256 கட்டங்களாகப் பிரித்தார்கள். அவற்றில் பல கட்டங்களில் ஆளே இருக்காது. கொடுங்கையூரில், அறுபது வயது தாண்டிய, பட்டம் பெற்ற பெண் என்ற கட்டம் காலியாக இருந்தால், கொடுங்கையூர்க்காரர்கள் எப்படிச் சாய்கிறார்கள், அந்த வயதினர் எப்படி, பட்டதாரிப் பெண்கள் எப்படி என்று மற்றக் கட்டங்களிலிருந்து கடன் வாங்கி மதிப்பிட வேண்டும். பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் உண்மையான வாக்காளர் தொகையில் அது வகிக்கும் பங்குக்கேற்பப் பெருக்கிக் கூட்டுகிறார்கள்.

முந்தைய வாக்கைக் கேட்டதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். மேலே சொன்ன 120-80 கணக்கில், போன முறை யாருக்குப் போட்டீர்கள் என்றும் கேட்டிருந்தால், ஒரு தரப்பு கூடுதலாக வந்திருப்பது அப்போதே வெளிப்பட்டிருக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் 100-க்குச் சரிசெய்தால் பாய்ச்சல் மறைந்துவிடும். 2012-இல் நடந்ததும் அதுதான். விவாதத்துக்குப் பின் ஒபாமாவின் ஜனநாயகக் கட்சியினர் பதிலளிப்பது குறைந்திருந்தது. அதைச் சரிசெய்தபோது ராம்னியின் பாய்ச்சலில் பெரும்பகுதி கரைந்துபோனது.

அசைவை நேரடியாகப் பிடிக்க, அதே ஆட்களைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். 1940-இல் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் ஒஹாயோ மாநிலத்தின் ஈரி வட்டாரத்தில் 600 பேரை மே முதல் நவம்பர் வரை மாதந்தோறும் சந்தித்தார்கள். பிரசாரத்தால் ஒரு கட்சியிலிருந்து மறு கட்சிக்குத் தாவியவர்கள் மிகச் சிலரே என்று கண்டார்கள். இம்முறைக்கு இன்னொரு பயனும் உண்டு: பத்துப் பேர் இங்கிருந்து அங்கும், பத்துப் பேர் அங்கிருந்து இங்கும் போனால் மொத்தக் கணக்கில் எதுவும் தெரியாது; பெயர் குறித்து வைத்திருந்தால் தெரியும். எங்கள் கடைக்காரரிடம் கடன் நோட்டு இருக்கிறது. அதிலுள்ளவர்களிடம் வாரம் ஒருமுறை கேட்டிருந்தால், சிலேட்டைவிட உருப்படியான தகவல் கிடைத்திருக்கும். அடிக்கடி கேட்கப்படுகிறவர் தம் பழைய பதிலையே பிடித்துக்கொள்வார், சிலர் நடுவில் கடைக்கு வருவதையே நிறுத்திவிடுவார் என்ற தொல்லைகள் இருந்தாலும்கூட.

கட்டம் கட்டிச் சரிசெய்வதும் எல்லா நேரமும் காப்பாற்றாது. ஒரு கட்டத்தில் பேசியவரும் பேசாதவரும் ஒரே மனதுடையவர்கள் என்பதே அதன் அடிப்படை. ஹார்வர்டு பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் சியாவ்-லி மெங் 2018-இல் ஒரு கணக்கைக் காட்டினார்: ஒருவர் பதில் சொல்வதற்கும் அவருடைய விருப்பத்துக்கும் இடையே மிக நுண்ணிய தொடர்பு இருந்தாலே போதும், 2016 தேர்தலையொட்டிப் பதிலளித்த 23 லட்சம் பேரின் தகவல், குலுக்கி எடுத்த சுமார் 400 பேருக்குச் சமமாகச் சுருங்கிவிடும். 2020-இல் கடைசி இரு வாரத் தேசியக் கணிப்புகள் ஜோ பைடனின் முன்னிலையைச் சராசரியாக 3.9 புள்ளி அதிகமாகக் காட்டின. அமெரிக்கக் கருத்துக்கணிப்பாளர் சங்கம் நியமித்த குழு இதை 40 ஆண்டுகளில் இல்லாத பிழை என்றது. காரணத்தை உறுதிசெய்ய அதனால் இயலவில்லை. காரணத்தைச் சொல்லக்கூடியவர்கள் கேள்விக்குப் பதில் அளிக்காதவர்களாயிற்றே.

எங்கள் கடையிலும் அப்படி ஒருவர் உண்டு. நாள் தவறாமல் வருவார், ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை முழுதாகப் படிப்பார், சாக்பீசை ஒருபோதும் தொட்டதில்லை. அவருடைய வயது தெரியும், தெரு தெரியும், படிப்பும் தெரியும். கட்டத்தில் போட வேண்டியதெல்லாம் கைவசம் இருக்கிறது. தேர்தல் முடிந்த மறுநாள் கடைக்காரர் அவரிடம், நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டேவிட்டார். "டீ ஆறிடுச்சு, வேற போடு" என்றார் அவர்.