தரகருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்: முதல் பட்டதாரி சலுகை எங்கே பறிபோகிறது?

ஒரு கொத்தனார் ஆகஸ்ட் மாதத்தில் தன் மகளை அழைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். பெண்ணுக்கு நல்ல மதிப்பெண். அந்தக் குடும்பத்தில் அவளுக்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. ஆனால் தேர்வு முடிவு வந்த மூன்றாம் நாளே ஒரு தரகர் வீடு தேடி வந்திருக்கிறார். “பத்தாயிரம் கட்டினால் இடம் உறுதி, முதல் பட்டதாரி சலுகையை நாங்களே வாங்கித் தருகிறோம்” என்று சொல்லி, அசல் சான்றிதழ்களையும் வாங்கிப் போய்விட்டார். கல்லூரி திறந்த பிறகு முழுக் கட்டணத்தையும் கேட்டார்கள். அவள் சேர்ந்தது நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது கல்லூரியே நேரடியாக நிரப்பும் இடத்தில். அந்த இடத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அதற்குள் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் நாளும் கடந்துவிட்டது.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்கான இந்த முதல் பட்டதாரி சலுகை தமிழ்நாட்டில் 2010-11 கல்வியாண்டில் வந்தது. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில், அரசின் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு மூலம் சேருகிறவர்களுக்கு மட்டும் இது உண்டு. தனியார் பொறியியல் கல்லூரி என்றால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணத்தில் குறையும். சாதி வரம்பு இல்லை, வருமான வரம்பும் இல்லை. அதே கல்லூரி, அதே வகுப்பு, அதே பெஞ்சு என்றாலும் நிர்வாக ஒதுக்கீட்டில் உட்கார்ந்தவருக்கு ஒரு ரூபாயும் குறையாது. ஆகவே கலந்தாய்வு முடியும்வரை எந்தக் கல்லூரிக்கும், எந்தத் தரகருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். “இன்றே கட்டாவிட்டால் இடம் போய்விடும்” என்று ஒருவர் அவசரப்படுத்தினால், அவருடைய அவசரம் அவருடைய கமிஷனுக்காகத்தான்.

முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று கடந்து மண்டலத் துணை வட்டாட்சியரிடம் போய்க் கையெழுத்தாகும். பெரும்பாலானோர் தேர்வு முடிவு வந்த பிறகே இதற்குக் கிளம்புகிறார்கள். அப்போது மொத்த ஊரும் வருமானச் சான்று, சாதிச் சான்று என்று அதே வாசலில் நிற்கும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த வாரமே போய்விடுங்கள்.

விண்ணப்பத்தில் உங்கள் கைபேசி எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். மையத்தில் உள்ளவர் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தன் எண்ணைப் போட்டுவிடுவார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. இப்படி மூன்று வாரம் வீணாகக் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒப்புகைச் சீட்டில் உள்ள விண்ணப்ப எண்ணை வைத்து நீங்களே நிலையைப் பாருங்கள். நிராகரித்தால் என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். பல நேரம் அது ரேஷன் அட்டையில் ஓர் இனிஷியல், மாற்றுச் சான்றிதழில் வேறொரு இனிஷியல் என்ற அளவில்தான் இருக்கும்.

அலுவலகத்தில் கேட்கும் கேள்விகளுக்கும் தயாராகப் போக வேண்டும். பார்க்க வேண்டியது பெற்றோர், உடன்பிறந்தோர், இரு வழித் தாத்தா பாட்டிகள் ஆகியோரில் யாராவது பட்டதாரியா என்பதைத்தான். சித்தப்பாவும் மாமாவும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். “உன் சித்தப்பா பி.ஏ. ஆயிற்றே” என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பையனுடன் நானே மறுபடி போயிருக்கிறேன். அப்பா டிப்ளமா படித்திருக்கிறார் என்பதும் தடை இல்லை. டிப்ளமா பட்டம் ஆகாது. பள்ளிக்கூடமே போகாத பாட்டிக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்பவர்களும் உண்டு. இல்லாத காகிதத்தை எங்கிருந்து கொண்டுவருவது? அவர் படிக்கவில்லை என்று உறுதிமொழி எழுதிக் கொடுங்கள். “நாளை வா” என்று மூன்றாவது முறையும் சொன்னால் நேராக வட்டாட்சியரிடம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அக்காவோ அண்ணனோ ஏற்கனவே இந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் மட்டும் அடுத்தவருக்குக் கிடையாது. அதை மறைத்து உறுதிமொழி எழுதாதீர்கள்.

சான்றிதழ் கையில் இருந்தால் போதாது. கலந்தாய்வு விண்ணப்பத்தில் முதல் பட்டதாரி என்று குறித்து, அதைப் பதிவேற்றவும் வேண்டும். அங்கே விட்டதைப் பின்னால் சேர்ப்பது பெரும்பாடு. கணினி தெரியாதவர்கள் மாவட்டங்களில் உள்ள சேர்க்கை உதவி மையங்களுக்குப் போகலாம்.

ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்கள் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதில் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. ஆனால் நடுவில் ஓர் ஆண்டு அரசு உதவி பெறும் பள்ளியில் படித்திருந்தாலும் தகுதி போய்விடும். பல பெற்றோருக்கு அரசுப் பள்ளியும் உதவி பெறும் பள்ளியும் ஒன்றுதான். விதிக்கு அவை ஒன்றல்ல.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் கல்வி உதவித்தொகை உண்டு. பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வந்து சேர அந்தக் கணக்கோடு ஆதாரை இணைத்திருப்பது வேறு. இரண்டாவது ஆகியிருக்கிறதா என்று வங்கியில் அதே வார்த்தைகளில் கேளுங்கள்.

கலை, அறிவியல் படிப்பு போதும் என்பவர்களுக்கு இந்த அலைச்சலே வேண்டாம். அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலைக்குக் கல்விக் கட்டணம் இல்லை.

தனியார் கல்லூரிக்குப் போவதானால், கல்விக் கட்டணத்தோடு பஸ், விடுதி, பயிற்சி என்று எதையெல்லாம் கட்டாயமாக வாங்குகிறார்கள் என்று அங்கே இப்போது படிக்கும் மாணவர்களிடம் கேளுங்கள். சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான்; பஸ் கட்டணத்தில் அந்த 25,000 கரைந்துவிடும்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவும், தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யும் சொல்லியிருக்கின்றன. தர மறுத்தால் வாய்ச்சண்டை வேண்டாம். கல்லூரி முதல்வர் பெயருக்கு எழுத்தில் கேட்டு, விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதையும் கடிதத்தின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். கொத்தனாரின் மகளுக்கு அந்தக் கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். சான்றிதழ்கள் திரும்பி வந்தன. பத்தாயிரம் வரவில்லை, அதற்கு ரசீதே கொடுத்திருக்கவில்லை.