181 கிலோ எடையுள்ள 'சின்ன' பைக்

சில வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்புக்குக் கல்லூரி மாணவன் ஒருவன் புத்தம்புது ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350 பைக்கில் வந்தான். தெருமுனை வரை அப்பா ஓட்டி வந்து, அங்கிருந்து இவன் வாங்கி ஓட்டினானாம். மைதானத்துக்குள் திரும்பி, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நிறுத்தப் போனபோது வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. வேகமே இல்லை, நடந்து வருகிறவனின் வேகம்தான். ஒற்றைக் காலால் தாங்கிப் பார்த்தான், முடியவில்லை. வண்டி மெல்லப் படுக்க, அவனும் கூடவே சரிந்தான். நல்லவேளை, கால் அடியில் சிக்கவில்லை.

"சின்ன புல்லட்தானேண்ணா... இவ்ளோ வெயிட் இருக்கும்னு நெனைக்கல" என்றான்.

பதினோரு வருடங்களாக இருசக்கர வாகனம் ஓட்டக் கற்றுத் தருகிறேன். கடந்த இரண்டு மூன்று வருடங்களாக இந்த வார்த்தையை ஏதாவது ஒரு வடிவில் மாதாமாதம் கேட்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ராயல் என்ஃபீல்டு என்பது 1901-இல் இங்கிலாந்தின் ரெடிட்சில் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த பெயர். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கைகோத்து நம் ஊருக்கு வந்து, திருவொற்றியூரில் வேரூன்றியது. பிறந்த நாட்டில் 1970-இல் உற்பத்தி நின்றுபோனது. இங்கே நிற்கவில்லை. இன்று ஒரகடத்திலிருந்தும் வல்லம் வடகாலிலிருந்தும் உலகம் முழுக்கப் போகிறது. சின்ன வண்டி செய்வதும் அவர்களுக்குப் புதிதல்ல. எண்பதுகளில் எக்ஸ்ப்ளோரர், சில்வர் பிளஸ் என்று 50 சி.சி. வண்டிகளையே விற்றார்கள். அவை நிலைக்கவில்லை, புல்லட்தான் நின்றது. அப்பாக்களின் வண்டி, போலீஸ்காரர் வண்டி, ஊர்ப் பெரியவர் வண்டி என்று அதற்கு ஒரு முகம் வந்துவிட்டது.

அந்த முகத்தை இளைஞர்களுக்காக மாற்றத்தான் 2022 ஆகஸ்டில் ஹண்டர் வந்தது. அதே கம்பெனியின் கிளாசிக் 350 வண்டியில் உள்ள அதே 349 சி.சி. எஞ்சின்தான். ஆனால் 19, 18 அங்குலச் சக்கரங்களுக்குப் பதில் இரண்டு பக்கமும் 17 அங்குலம், நீளம் குறைவு, வளைப்பது சுலபம். ஆரம்ப விலையை ஒன்றரை லட்சத்துக்கு நூறு ரூபாய் குறைவாக வைத்தார்கள். 2025 செப்டம்பரில் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது இன்னும் கைக்கு எட்டியது. நல்ல வண்டி, ஓட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன். நெரிசலில் அடங்கி நடக்கும், எஞ்சின் பதறாது. வாங்காதே என்று எந்த மாணவனிடமும் நான் சொன்னதில்லை.

சிக்கல் 'சின்ன' என்ற சொல்லில் இருக்கிறது. கிளாசிக் 195 கிலோ, ஹண்டர் 181. அண்ணன் தம்பிகளுக்கு நடுவில் அது சின்னதுதான். ஆனால் இதை வாங்க வருகிறவன் கிளாசிக்கிலிருந்து இறங்கி வருவதில்லை. அம்மாவின் ஸ்கூட்டரிலிருந்தோ அப்பாவின் 100 சி.சி. வண்டியிலிருந்தோ ஏறி வருகிறான். அவை நூற்றுப் பத்து கிலோவுக்கு முன்பின். பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்த ஸ்கூட்டரின் எடையைத் தனி வண்டியாகவே இவன் தூக்கிச் சமாளிக்க வேண்டும். சக்தியும் 100 சி.சி. வண்டியைப் போல இரண்டரை மடங்கு.

இந்தத் தாவலை நம் லைசென்ஸ் முறை கணக்கிலேயே எடுப்பதில்லை. பிரிட்டனில் 17 வயதில் கிடைப்பது ஏ1 உரிமம். 125 சி.சி., 11 கிலோவாட், அதற்கு மேல் தொடக்கூடாது. ஹண்டரின் எஞ்சின் ஏறக்குறைய 15 கிலோவாட். ஆகவே ஒரகடத்தில் செய்த இதே வண்டியை அங்கே ஓட்ட 19 வயதாகி, ஏ2 உரிமத்துக்கான தேர்விலும் தேறியிருக்க வேண்டும். இங்கே 18 முடிந்ததும், கையில் கிடைத்த ஏதோ ஒரு கியர் வண்டியில் கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால் போதும். அன்று மாலையே 650 சி.சி. வண்டி ஓட்டினாலும் சட்டப்படி சரி. எட்டு போடுவதில் சமநிலை தெரியும். அவசரத்தில் அவன் கை எங்கே போகும் என்பது தெரியாது.

அந்தக் கையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் நான் பார்க்கும் மிக ஆபத்தான பழக்கம் அதுதான். பெற்றோரும் அதை யோசிப்பதே இல்லை.

இப்போது வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் ஸ்கூட்டரில் கற்றவர்கள். ஸ்கூட்டரில் இடது கை லீவர் பிரேக். 125 சி.சி. வரையிலான ஸ்கூட்டர்களில் அதை அழுத்தினால் முன் சக்கரமும் சேர்ந்து கொஞ்சம் பிடிக்கும். ஆக, நாய் குறுக்கே வந்தாலும் ஆட்டோ திடீரென்று ஒதுங்கினாலும் அவர்கள் இடது கையைத்தான் இறுக்குவார்கள். மூன்று நான்கு வருடப் பழக்கம், யோசித்துச் செய்வதில்லை. கியர் வண்டியில் முன் பிரேக் வலது கையில், பின் பிரேக் வலது காலில்; இடது கை இடத்தில் இருப்பது கிளட்ச். கிளட்சை இறுக்கினால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துபோகும். எஞ்சின் இழுத்துப் பிடிக்கிற கொஞ்ச நஞ்சத் தடையும் போய், வண்டி சும்மா வழுக்கிக்கொண்டு ஓடும். நிறுத்தத்தான் நினைத்தான், ஆனால் வண்டியை அவிழ்த்துவிட்டிருக்கிறான்.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடும். தப்பான லீவரைப் பிடித்துவிட்டோம் என்று மூளைக்கு உறைத்து, வலது கைக்கு மாறுவதற்குள் போகும் அந்த ஒரு நொடி, கிட்டத்தட்ட ஒரு மாநகரப் பேருந்தின் நீளம்.

என் வகுப்பில் இதற்கென்றே ஒரு பயிற்சி உண்டு. 20 கி.மீ. வேகத்தில் வரச் சொல்லி, எதிர்பாராத நேரத்தில் கைதட்டுவேன். தட்டியதும் நிறுத்த வேண்டும். ஸ்கூட்டரிலிருந்து வந்தவர்களில் முதல் நாள் ஒழுங்காக நிறுத்துகிறவர் அபூர்வம். ஐந்தாறு வகுப்புகள், ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது தடவை செய்த பிறகுதான் வலது கையும் வலது காலும் தானாகப் போகத் தொடங்கும். காலி மைதானம் கிடைத்தால் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் கைதட்டியே இதைச் செய்யலாம். பயிற்சியாளர் வேண்டும் என்றில்லை.

அடுத்தது முன் பிரேக். "முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிரும்" என்று சொல்லி வளர்த்துவிட்டோம். அது செம்மண்ணிலும் சரளையிலும், ஹேண்டில் திரும்பியிருக்கும்போதும் உண்மை. நல்ல தார்ச்சாலையில், வண்டி நேராக ஓடும்போது, பிரேக் பிடித்ததும் எடை முன்பக்கம் சாய்கிறது. பின் சக்கரம் லேசாகிவிடுகிறது, லேசான சக்கரத்தைப் பிடித்து என்ன பயன்? நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்தினுடையது. ஹண்டரின் குறைந்த விலை ரகத்தில் ஏ.பி.எஸ். (பிரேக்கை இறுக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) முன் சக்கரத்துக்கு மட்டும்தான், பின்னால் டிரம் பிரேக். பயந்து பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறவனுக்குப் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் ஆட்டும், ஏ.பி.எஸ். உதவிக்கு வராது. இரண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ். உள்ள ரகத்துக்குக் கூடுதல் பணம் கொடுங்கள். கலருக்கும் சைலன்சருக்கும் செலவழிக்கும் முன் அதைச் செய்யுங்கள்.

ஷோரூமுக்குப் போகும்போது தினமும் போடும் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு போங்கள். உட்கார்ந்து பார்ப்பது போதாது. இறங்கி, வண்டியைப் பின்பக்கமாகப் பத்தடி தள்ளிப் பாருங்கள். எஞ்சின் அணைந்த நிலையில் அந்த எடையை உடம்பு தாங்குகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். நிறுத்தும்போது சாய்வதற்கு உயரம் மட்டும் காரணமில்லை. ஹேண்டிலை வளைத்துக்கொண்டே முன் பிரேக்கைப் பிடிப்பதும், தரையைப் பார்ப்பதும்தான் முக்கியக் காரணங்கள். அந்த மாணவன் செய்ததும் அதுவே. நேராக்கு, தூரத்தில் பார், அப்புறம் நிறுத்து. சாய்ந்தே விட்டால், ஒரு அளவுக்கு மேல் தாங்கப் பார்க்காமல் விட்டுவிட்டு விலகுங்கள். இண்டிகேட்டரை இருநூறு முந்நூறுக்கு மாற்றிவிடலாம். கணுக்காலை அப்படி மாற்ற முடியாது.

பெற்றோரிடம் ஒன்று. பிளஸ் டூ படிக்கும் பையனுக்காக "இப்பவே பழகட்டும் சார்" என்று வருகிறீர்கள். மைதானத்துக்குள்கூட அவனை நான் இதில் ஏற்றுவதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டி மாட்டினால் 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உங்களுக்குத்தான். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. வண்டிக்கு ஒன்றரை லட்சம் கொடுத்துவிட்டு, ஓசியில் வந்த ஹெல்மெட்டை மாட்டி அனுப்பவும் அனுப்பாதீர்கள். பிள்ளையைக் கூட்டிப்போய், தலையில் போட்டு, வார் மாட்டி, முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்து, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ளதை வாங்கிக் கொடுங்கள்.

முதல் மாதம் பின்னால் யாரும் உட்கார வேண்டாம். நண்பர்களோடு ஈ.சி.ஆர். பயணமும் வேண்டாம். காலை ஆறு மணிக்கு, தெரிந்த தெருக்களில், தனியாக ஓட்டட்டும்.

அந்த மாணவன் அடுத்த ஞாயிறும் வந்தான். அன்றைக்கு முழுக்கக் கைதட்டல் பயிற்சி மட்டும்தான் கொடுத்தேன். முதல் பத்துத் தடவையில் ஏழு தடவை இடது கைதான் இறுகியது. நாலாவது ஞாயிறு, அவன் நிறுத்திவிட்டு என்னிடம் பேச வந்துகொண்டிருந்தபோது மைதானத்துப் பையன்களின் பந்து குறுக்கே உருண்டு வேறொருத்தியின் வண்டி முன் போனது. அவள் பிரேக் பிடித்தாள். நடந்து வந்துகொண்டிருந்த இவனுடைய வலது கை விரல்கள், காற்றிலேயே, தானாக மடங்கின.