சுஹைல்: அரபு வானில் அகத்தியர்

இரவு வானில் ஒளியில் இரண்டாம் இடத்தில் இருக்கும் விண்மீனை அரபியர் சுஹைல் என்பர். நம் பாடநூல்களில் அது கனோபஸ். தமிழில் அதற்கு அகத்திய விண்மீன் என்ற பழம்பெயரே இருக்கிறது. பரிபாடலின் 11ஆம் பாடல் 'பொதியில் முனிவன்' என்று குறிப்பதும் இதையே.

சமவெளி, எளிது என்று பொருள்படும் 'ஸஹ்ல்' என்ற சொல்லோடு வேர் உறவுள்ளது சுஹைல். வடிவத்தில் அது குறுமைப் பெயர், அதாவது சிறியது என்ற பொருள் தரும் சொல்வடிவம்.

வளைகுடாவில் ஆகஸ்ட் 24 வாக்கில், விடியலுக்கு முன் தென்கிழக்கு அடிவானத்தில் சுஹைல் தலைகாட்டும். கொடுங்கோடை தணியத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். 'சுஹைல் உதித்தால் சைலை நம்பாதே' என்பது அங்குள்ள பழமொழி. சைல் என்றால் திடீர் வெள்ளம். வறண்ட ஓடைப் படுகையில் கூடாரம் அடிப்பவருக்கு இது உயிர் காக்கும் எச்சரிக்கை.

கட்டடக் கலையிலும் இந்த மீனுக்கு இடமுண்டு. மக்காவிலுள்ள கஅபாவின் நீள அச்சு, சுஹைல் உதிக்கும் திசையை, அதாவது தெற்கிலிருந்து ஏறத்தாழ 30 பாகை கிழக்கே நோக்குகிறது. இடைக்கால அரபு நூல்களே இதைச் சொல்கின்றன. விண்மீனுக்கு மட்டுமல்ல, வானத்துக்கே கட்டடத்தில் இடம் தந்தவரும் உண்டு. எகிப்தின் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹி (1900–1989) நடுமுற்றத்தை வீட்டுக்காரருக்கே சொந்தமான ஒரு துண்டு வானமாகக் கண்டார். பாலையில் மண் சுடும். கருணை காட்டுவது வானம்தான் என்பது அவர் எண்ணம்.

கதையைக் கேளுங்கள். சுஹைல் ஜவ்ஸா என்ற பெண்ணை மணந்தான்; அவள் இறக்கவே, பழிக்கு அஞ்சித் தெற்கே ஓடினான். தங்கை ஒருத்தி பால்வீதியைக் கடந்து பின்தொடர்ந்தாள்: அவள் சிரியஸ். கடக்க முடியாமல் நின்று அழுது கண் மங்கிய இன்னொரு தங்கை புரோசியான் என்ற விண்மீன். ஜவ்ஸா என்பது ஓரியன் பகுதிக்கும் மிதுன ராசிக்கும் அரபுப் பெயர். நம் திருவாதிரையின் அரபுப் பெயர் 'ஜவ்ஸாவின் கை'. பரிபாடலிலும் பொதியில் முனிவன் மிதுனத்தையே அடைகிறான்! ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் அகத்தியரும் தெற்கே வந்தவர்தானே.

மொழிபெயர்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2016இல் சுஹைல் என்ற பெயரை லாம்டா வெலோரம் என்ற வேறொரு மீனுக்கு ஏற்றது. விண்மீன் பட்டியலில் வரும் சுஹைலை அப்படியே எழுதுங்கள். அரபுக் கதையிலும் பழமொழியிலும் வரும் சுஹைலுக்கு அகத்திய விண்மீன் என்று எழுதுங்கள்.